வள்ளமும் போட்டும்: சிறு படகு மேம்பாட்டு வரலாற்றில் பெயர்கள் தரும் சான்று

1. முன்னுரை

இந்தியக் கடற்கரைகளில் மேம்படுத்தப்பட்ட சிறு படகுகளை அறிமுகம் செய்யும் முயற்சிகள் 1950களில் திட்டமிட்ட வடிவம் பெற்றன. இம்முயற்சிகளின் வரலாற்றை மீன்வளத் துறையினரும் பொருளியலாரும் சமூகவியலாரும் எழுதியுள்ளனர். பிடிபட்ட மீனின் அளவு, முதலீடு, வருவாய்ப் பங்கீடு, மோதல் ஆகியவை அவ்வரலாறுகளின் பொருளாக அமைந்தன. மொழி அவற்றுள் இடம்பெற்றது மிகக் குறைவு.

ஒரு புதிய பொருள் ஒரு சமுதாயத்துள் நுழையும்போது அதற்குப் பெயர் தேவைப்படுகிறது. அப்பெயர் பொருளோடு சேர்ந்து வந்த கடன்சொல்லாக இருக்கலாம்; அச்சமுதாயத்தில் முன்னரே வழங்கிய சொல்லின் பொருள் விரிவாகவும் இருக்கலாம். இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்பது தற்செயலானதன்று. அப்பொருளை யார் தமதாகக் கருதினர், யார் பிறருடையதாகக் கருதினர் என்பதைப் பெயர் பலவேளைகளில் காட்டிவிடுகிறது. கொல்லத்தை அடுத்த நீண்டகரை, திருவனந்தபுரம் - கன்னியாகுமரிக் கடற்கரை, ஆந்திர - ஒரிசாக் கடற்கரை ஆகிய மூன்று களங்களை எடுத்துக்கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசு ஆவணங்களில் வழங்கும் கலைச்சொற்களைத் தமிழாக்குவதில் இவ்வாராய்ச்சி தரும் பயனும் இறுதியில் சுட்டப்பெறுகிறது.

2. கட்டுமரம்: பெயரின் இலக்கணமும் கலத்தின் இயக்கமும்

புதிய படகுகள் எவற்றுக்கு மாற்றாக வந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையிலும், ஆந்திரக் கரையிலும், மேற்கே திருவனந்தபுரம் வரையிலும் அலை மோதும் திறந்த மணற்கரைகளே மிகுதி. கலம் நாள்தோறும் அலையைக் கிழித்து வெளியேறவும், மீண்டும் அலையோடு கரையேறவும் வேண்டும். இத்தேவைக்கு விடையாக அமைந்ததே கட்டுமரம்.

‘கட்டுமரம்’ என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் அது பொதுவாய் நிற்கும். இவ்விலக்கணம் கலத்தின் இயல்போடு பொருந்துவது நோக்கத்தக்கது. பல ஊர்களில் கடலுக்குச் சென்று மீண்டபின் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே கரையேற்றி உலரவிடுவர். மறுமுறை செல்லும்போது மீண்டும் கட்டுவர். நீர் ஊறிய மரம் மிதப்பாற்றலை இழக்குமாதலின் உலர்த்துதல் இன்றியமையாதது. ஆகவே இப்பெயர் ஒரு பொருளைச் சுட்டுவதோடு ஒரு தொழிற்பாட்டையும் சுட்டுகிறது.

கட்டுமரத்துக்கு உட்குழி இல்லை. ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். எனவே நீரை இறைக்க வேண்டியதில்லை. கவிழ்ந்தாலும் அது மூழ்குவதில்லை. படகு என்றால் நீர் புகாத கூடு என்று எண்ணிப் பழகிய பொறியாளர்க்கு இது குறையுள்ள கலமாகத் தோன்றியது. நீரை வெளியே நிறுத்துவது ஒரு முறை. நீரை வந்த வழியே விடுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையும் ஒரு வடிவமைப்புக் கொள்கையே என்பது மெல்லவே உணரப்பட்டது.

சென்னைக் கரையில் துறைமுகம் உருவாவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அது ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த கலம்; அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுப்பதே அதன் வலிமை. இவ்வகைக் கலத்துக்கு வழங்கிய ‘சலங்கு’ என்னும் தமிழ்ச்சொல் பிரெஞ்சு மொழியில் ‘ஷெலாங்கு’ எனப் புகுந்தது. கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்றதற்கு 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் பழைய சான்றுகளுள் ஒன்றாகும். வங்காளத்து ‘டிங்கி’யும் ஆங்கிலச் சொல்லாயிற்று. இந்தியக் கரைகளின் சிறு கலங்கள் பெயர் பெறும் நிலையில் மட்டுமன்றிப் பெயர் கொடுக்கும் நிலையிலும் இருந்தன என்பதை இச்சொற்கள் காட்டும்.

அமெரிக்கரான நதானியேல் ஹெர்ஷாஃப் 1876-இல் கட்டிய இரட்டை உடல் கொண்ட பாய்க்கலத்தின் வகைக்குக் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் வழங்கியது. இன்று உலக வழக்கில் அச்சொல்லின் முதற்பொருள் அதுவே. கட்டும் இல்லாமல், மரமும் இல்லாமல், பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

3. நீண்டகரை: ‘போட்டு’ என்னும் கடன்சொல்

1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்திய - நார்வேத் திட்டம் தோன்றியது. திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் கொல்லத்துக்கு வடக்கே உள்ள சக்திகுளங்கரை, நீண்டகரை, புத்தன்துறை ஆகிய ஊர்கள் அதன் களமாயின. 1953-இல் பணி தொடங்கியது. படகு மட்டுமன்றிக் குடிநீர், மருத்துவம், பனிக்கட்டி ஆலை ஆகியவையும் திட்டத்தில் அடங்கியிருந்தன.

முதலில் உள்ளூர்க் கலங்களிலேயே இயந்திரம் பொருத்திப் பார்த்தனர். அக்கலங்களின் அமைப்பு இயந்திரத்தின் எடையையும் அதிர்வையும் தாங்கவில்லை. எனவே இயந்திரத்தைக் கருதியே வடிவமைத்த புதிய மரப்படகுகள் கட்டப்பட்டன. 25 அடிப் படகு அவற்றுள் பரவலானது. தொடக்கத்தில் இவை செவுள்வலை கொண்டு பொதுவான மீன்களைப் பிடிக்கவே எண்ணப்பட்டன. ஆனால் 1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு முதன்முதல் ஏற்றுமதியானதும், அச்சந்தை வளர்ந்தது. 1960களில் படகின் வேலை இழுவலையால் இறால் வாருவதாயிற்று. திட்டத்தின் மையம் 1963-இல் எர்ணாகுளத்துக்கு மாறியது. 1972-இல் திட்டம் நிறைவுற்றது.

நிலவியலும் இங்குக் கருதத்தக்கது. நீண்டகரையில் அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கிறது. அம்முகவாய் படகுகளுக்கு ஒதுங்குமிடம் தந்தது. அலையில் கரையேற வேண்டிய தேவை அங்கு இல்லாமையால் கனமான இயந்திரப் படகு அங்கு வெற்றி பெற்றது. அதே படகைத் திறந்த மணற்கரையில் உள்ள ஊரார் வைத்திருக்க இயலவில்லை. மேம்பாடு துறைமுகத்தை நோக்கி நகர்ந்தது. துறைமுகத்தில் முதலீடு குவிந்தது. நாளடைவில் கடலுக்குச் செல்லாதவர்களும் படகுக்கு உரிமையாளர் ஆயினர்.

மலையாளப் பேச்சு வழக்கில் இப்புதிய கலம் ‘போட்டு’ எனப்பட்டது. உள்ளூரில் ‘வள்ளம்’ என்னும் சொல் இருந்தது. தங்குவள்ளம், கொச்சுவள்ளம் எனப் பல வகைகளைத் தன்னுள் அடக்கும் பொதுப்பெயர் அது. மேலும் ஓர் அடை சேர்த்துப் புதிய படகையும் அதனுள் அடக்கியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. ஆங்கிலத்தில் எந்தப் படகையும் குறிக்கும் பொதுச்சொல், கேரளக் கடற்கரையில் இழுவலை இழுக்கும் இயந்திரக் கலத்தை மட்டும் குறிக்கும் சிறப்புச்சொல்லாகச் சுருங்கியது. ‘வள்ளக்காரர்’ - ‘போட்டுக்காரர்’ என்னும் எதிர்வு தோன்றியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து நிகழ்ந்த மோதல்களில் இரு தரப்பையும் குறிக்கும் பெயர்களாக இவையே நின்றன. 1980-இல் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும், 1988-இல் மழைக்கால இழுவலைத் தடையும் இம்மோதலின் பின்புலத்தில் வந்தவை.

கடன்சொல் வழங்கியது எனவே திட்டம் தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. போட்டு பெரும் பொருள் ஈட்டித் தந்தது. ஆனால் யாருடைய கலத்தை மேம்படுத்துவதாகத் திட்டம் தொடங்கியதோ அவர்கள் தம் கலத்தின் பெயரை அதற்குக் கொடுக்கவில்லை. மேம்பட்ட வள்ளமாக அதனைக் காணாமல், வள்ளத்துக்கு எதிரே நிற்கும் வேறொன்றாகவே அவர்கள் கண்டனர்.

4. முட்டம் முதல் அஞ்சுதெங்கு வரை: பழைய பெயரில் புதிய கலம்

நீண்டகரைக்குத் தெற்கே நிலைமை வேறு. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் பெரும்பகுதி திறந்த கரை. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இப்பகுதியில் கடற்றொழிற் சொற்களுக்கு மொழியெல்லை இல்லை. கலத்தின் முன்பகுதி அணியம் என்றும் பின்பகுதி அமரம் என்றும் இரு மொழியிலும் வழங்கும். கட்டுமரம், வள்ளம் என்னும் பெயர்களும் அவ்வாறே பொதுவானவை.

1970களில் கட்டுமரத்துக்கு ஏற்ற மென்மையான பெருமரங்கள் அரிதாகி விலை ஏறின. இயந்திரப் படகுகளோடு போட்டியிட்டு மேலும் தொலைவு செல்ல வேண்டிய நெருக்கடியும் நேர்ந்தது. இச்சூழலில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் நிலையமும், 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கிப் பரப்பின. இப்பணியில் ஈடுபட்ட பியேர் ஜிலே 1985-இல் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பைத் தமிழில் ‘சிறியது கடினம்’ எனலாம். 1973-இல் வெளிவந்த ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ என்னும் நூலின் பெயருக்கு மறுமொழியாக அமைந்த தலைப்பு அது. சிறிய தொழில்நுட்பம் என்பதனாலேயே அதனை ஒரு சமுதாயத்துக்குக் கையளிப்பது எளிதாகிவிடாது என்பதே அதன் குறிப்பு.

ஒட்டுப்பலகைத் துண்டுகளை அளவாக வெட்டி, விளிம்புகளில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு ஒட்டி இப்படகுகள் செய்யப்பட்டன. மூழ்காமல் காக்கும் மூடிய அறைகளும், ஏறிய நீர் தானே வழிந்தோடும் மேல்தளமும் இவ்வகைப் படகுகளில் பின்பற்றப்பட்ட உத்திகள். கட்டுமரம் மரங்களின் இடுக்கு வழியே செய்த பணியை இங்கு வேறு வழியில் செய்தனர் எனலாம். 1980களில் பின்புறத்தே வெளியே மாட்டி எடுக்கக்கூடிய மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவின. கரையேறும் வேளையில் இவ்வியந்திரத்தைச் சாய்த்து உயர்த்தலாம். கழற்றி வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். ஆகவே துறைமுகம் இல்லாத ஊரும் இயந்திரத்தைப் பயன்படுத்த முடிந்தது.

இக்கலத்துக்குக் கரையோர் இட்ட பெயர் ‘வள்ளம்’ என்பதே. செய்பொருளைச் சுட்ட ஓர் அடை மட்டும் சேர்ந்தது: பிளைவுட் வள்ளம், பின்னர்க் கண்ணாடி இழை வந்தபோது ஃபைபர் வள்ளம். இப்பெயர்களில் கடன்சொல் அடையாக நிற்கிறது, தலைச்சொல் பழையது. நீண்டகரையிலோ தலைச்சொல்லே கடன்பெற்றது. பொருள்வகை மாறவில்லை, செய்பொருளே மாறியது என்னும் மதிப்பீடு முன்னதில் அடங்கியுள்ளது. தொழில்நுட்ப நோக்கில் ஒட்டுப்பலகை, வேதிப் பிசின், வெளிநாட்டு இயந்திரம் ஆகிய மூன்றும் புதியவை; பழைய வள்ளத்திலிருந்து இக்கலம் விலகிய தொலைவு சிறிதன்று. ஆயினும் அதில் ஏறியவரும், அதற்கு உரியவரும், அது கரையேறிய இடமும் மாறாமையால் பெயரும் மாறவில்லை.

5. வங்கக் கடற்கரை: கரையேறும் படகும் தெப்பாவும்

உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. சுவீடனின் நிதியுதவி அதற்குக் கிடைத்தது. திறந்த கரையில் ஏறியிறங்கக்கூடிய இயந்திரப் படகை வடிவமைப்பது அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. பல மாதிரிகள் கட்டப்பட்டு அலையில் சோதிக்கப்பட்டன. அவற்றில் கையாளப்பட்ட உத்தி ஒன்று குறிப்பிடத்தக்கது: இயந்திரம், சுழல்தண்டு, உந்துசுழலி ஆகியவற்றை ஒரே பெட்டியில் அமைத்து, கரை நெருங்கும்போது அப்பெட்டியையே சாய்த்து உந்துசுழலியை மணலில் படாமல் உயர்த்தினர். ஆந்திர, ஒரிசாக் கரைகளில் இப்படகுகள் அறிமுகமாயின.

பொறியியல் நோக்கில் இது நேர்த்தியான தீர்வு. எனினும் கட்டுமரத்தோடு ஒப்பிடுகையில் விலை மிகுதி. தனியொருவர் வாங்குவதற்கு வங்கிக் கடன் வேண்டியிருந்தது. கரைக்கு மேலே இழுத்தேற்றக் கூடுதல் ஆட்களோ பொறியோ வேண்டியிருந்தது. ஆவணங்களில் இப்படகு மூன்றெழுத்துச் சுருக்கத்தாலும் எண்ணோடு கூடிய மாதிரிப் பெயர்களாலும் சுட்டப்பட்டது. எண் பெயர் வரைபடத்துக்கு உரியது. கரையில் நின்று அழைப்பதற்கு உரியதன்று.

தெலுங்கில் கட்டுமர வகைக்குத் ‘தெப்பா’ என்று பெயர். தமிழின் ‘தெப்பம்’ என்பதன் இனச்சொல் அது. பின்னர் அக்கரையில் கண்ணாடி இழையாலான கலங்கள் மரத்தெப்பாவின் இடத்தைப் பெற்றபோது, அவற்றுக்கும் தெப்பா என்னும் பெயர் தொடர்ந்தது. கட்டிய மரம் எதுவும் அவற்றில் இல்லை. ஆயினும் சிலர் சேர்ந்து எளிதில் கையாளத்தக்க, அலையில் ஏறியிறங்கும் கலம் என்னும் பயன்பாட்டுப் பொருள் நிலைத்தது. சொற்பொருள் மாற்றத்தில் வடிவத்தையும் செய்பொருளையும் விடப் பயன்பாடே உறுதியான பிடிப்பு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தமிழகத்தின் சோழமண்டலக் கரையில் கண்ணாடி இழைப் படகு ‘ஃபைபர் போட்’ என்றே வழங்குகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக மிகப் பல படகுகள் வழங்கப்பட்டபோது இப்பெயர் மேலும் பரவியது. இங்குத் தலைச்சொல் கடன்சொல். ஆனால் கலமோ சிறு மீனவருடையது. மேற்கூறிய கருத்துக்கு இது முரண் அன்றோ?

சொல்லின் மதிப்பு அது எச்சொல்லோடு எதிர்நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சோழமண்டலக் கரையில் இழுவலைக் கலம் ‘விசைப்படகு’ என்றும் ‘லாஞ்சு’ என்றும் முன்னரே பெயர் பெற்றுவிட்டது. ஆகவே ‘போட்’ என்னும் சொல் அங்கு எதிர்த்தரப்பின் பெயராக இல்லை. சிறு கலத்தைச் சுட்ட அது தடையின்றிக் கிடைத்தது. கேரளத்தில் அவ்விடத்தைப் ‘போட்டு’ நிரப்பியிருந்தமையால் சிறு கலம் ‘வள்ளம்’ என்பதையே பற்றி நின்றது. எனவே கடன்சொல்லா, பழஞ்சொல்லா என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அந்தந்தக் கரையின் பெயர்த்தொகுதி முழுவதையும் நோக்குதல் வேண்டும். எல்லாக் கரைகளிலும் மாறாது நிற்பது எதிர்வே: கடலுக்குச் செல்வோர் தாமே உரிமை கொண்ட கலம் ஒருபுறம், இழுவலைக் கலம் மறுபுறம்.

6. ஆவணச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

மக்கள் வழக்கில் தெளிவாக உள்ள இவ்வெதிர்வு ஆவணத் தமிழில் மங்கிவிடுகிறது. இதனால் விளையும் இடர் ஏட்டளவில் நிற்பதன்று. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல் மைல்வரை உள்ள பகுதி இயந்திரமயக் கலங்களுக்கு விலக்கப்பட்டது. ஒரு கலம் எவ்வகையில் அடங்கும் என்பது அது எங்கே வலை விரிக்கலாம் என்பதையே முடிவு செய்கிறது. தடைக்கால விதிகளிலும் கலவகை வரையறை இன்றியமையாதது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்புகள் கலங்களை மூவகையாகப் பிரிக்கின்றன. இயந்திர ஆற்றலைச் செலுத்துவதற்கும் வலை இழுத்தல் போன்ற மீன்பிடிச் செயலுக்கும் பயன்படுத்துவது முதல்வகை. செலுத்துவதற்கு மட்டும் இயந்திரத்தைக் கொண்டு, மீன்பிடிப்பைக் கையால் செய்வது இரண்டாம் வகை. இயந்திரமே இல்லாதது மூன்றாம் வகை. ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் உள்ளன. தமிழாக்கத்தில் இரண்டும் ‘இயந்திரப் படகு’ என்றே பலவிடங்களில் எழுதப்படுகின்றன. அவ்வாறாயின் ஒட்டுப்பலகை வள்ளத்தில் ஒரு சிறு இயந்திரம் மாட்டியவரும், இழுவலைக் கலத்தின் உரிமையாளரும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுவர். அரை நூற்றாண்டு மோதலில் எதிரெதிரே நின்ற இருவரைப் பிரித்துக் காட்டும் கோடு, ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பால் அழிகிறது.

முதல்வகைக்கு மக்களிடமும் செய்தித்தாள்களிலும் வேரூன்றிய ‘விசைப்படகு’ என்பதையே வரையறுத்து வழங்கலாம். இரண்டாம் வகைக்கு ‘இயந்திரம் பொருத்திய வள்ளம்’ என்றோ, பொதுவாக ‘இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு’ என்றோ கூறுதல் பொருந்தும். இயந்திரம் பின்னர்ச் சேர்ந்த உறுப்பு, கலம் முன்னரே உள்ளது என்னும் குறிப்பு ‘பொருத்திய’ என்னும் பெயரெச்சத்தில் அமைந்துள்ளது.

மரபுவழிக் கலங்களைச் சுட்டும் சொற்களிலும் இத்தகைய கவனம் தேவை. தொடக்கக்கால ஆங்கில அறிக்கைகள் அவற்றைப் பண்படாதவை என்னும் பொருள்பட எழுதின. பின்னர் உள்நாட்டுக் கலம், மரபுக் கலம், சிறுதொழிற் கலம் எனச் சொற்கள் மாறின. மீன்பிடிப்புக்கு அடையாக வரும் ஆங்கிலச் சொல் ஒன்றைக் ‘கைவினை’ எனப் பெயர்ப்பதும் உண்டு. தமிழில் கைவினை என்றால் பானையும் பாயும் பொம்மையும் நினைவுக்கு வருமேயன்றி மீன்பிடிப்பு வாராது. ‘சிறுதொழில் மீன்பிடிப்பு’ என்பது தெளிவானது. மேலும் ‘மரபுவழி’ என்னும் சொல்லைக் கையாளும்போது எது மரபு என்பதை உணர்தல் வேண்டும். ஃபைபர் வள்ளத்தில் மரமும் இல்லை, பாயும் இல்லை. அதனை மரபுவழிக் கலம் எனச் சட்டம் கூறுமாயின் அங்கு மரபு என்பது உரிமையையும் உழைப்பு முறையையுமே குறிக்கும்.

இரட்டை உடற்கலத்தைத் தமிழில் ‘கட்டுமரம்’ எனப் பெயர்ப்பது மற்றொரு பிழை. சொல்லின் பிறப்பு தமிழாயினும் இன்றைய ஆங்கிலப் பொருள் வேறு. ‘இரட்டை உடற்கலம்’ என்றோ ‘கேட்டமரான்’ என்றோ எழுதுவதே நேர்மையான மொழிபெயர்ப்பாகும். வீடு திரும்பிய சொல் எல்லாம் பழைய பொருளோடு திரும்புவதில்லை.

7. முடிவுரை

மூன்று களங்களின் வரலாற்றையும் ஒருங்கே நோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கரையின் இயல்பையும் உரிமையையும் மாற்றாத புதிய கலம் பழைய தலைச்சொல்லைப் பெற்றது. செய்பொருளின் புதுமை அடைமொழியோடு நின்றது. உரிமையும் துறையும் பிடிபொருளும் மாறியவிடத்து, வள்ளம் என்னும் பொதுப்பெயரை மறுத்துவிட்டுக் கடன்சொல் தலைச்சொல்லாயிற்று. ஆவணம் தந்த எண் பெயர்கள் ஆவணத்தோடு நின்றன. கடன்சொல்லின் மதிப்பை அந்தந்தக் கரையின் பெயர்த்தொகுதி முடிவு செய்தது.

படகு மேம்பாட்டுத் திட்டங்களில் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இடம் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஒரு கலத்தை மாற்றப் புகுமுன் அதன் பெயர், உறுப்புகளின் பெயர், அலையையும் காற்றையும் குறிக்கும் சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்துப் பார்த்திருப்பின், எவற்றை மாற்றலாகாது என்பது வரைபடம் எழுதுமுன்பே விளங்கியிருக்கும்.

கட்டுமரம் மறைந்துவரும் கரைகளில் மரத்தைத் தேர்தல், கட்டுதல், அவிழ்த்தல், உலர்த்தல் தொடர்பான வினைச்சொற்களும் வழக்கொழிகின்றன. வள்ளம், தெப்பா என்னும் பெயர்கள் புதிய கலங்களில் ஏறித் தப்பிவிட்டன. அவ்வினைகளுக்கு ஏறிக்கொள்ளக் கலம் இல்லை. மரம் கட்டிக் கடல் சென்ற தலைமுறையினர் உள்ளபோதே அவற்றை ஊர்தோறும் பதிவு செய்தல் அகராதித் துறையினரின் உடனடிக் கடமையாகும்.